கேட்டால் பதில் சொல்வார்கள்

“அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு” என்று எவராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றும் கை துறுதுறுக்கும். சொல்கிறவர் பெரிய மனிதராக இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். சாதாரண ஆளாக இருந்தால் சண்டைக்கு நிற்பேன். என் மனைவி நஜ்முன்னிசா, “பள்ளிக்கூடத்துப் பேச்ச எடுக்காதீங்க, இவருக்குப் பித்தம் தலைக்கு ஏறிடும்” என்று விருந்தாளிகளை முன்கூட்டியே எச்சரித்து வைப்பாள். பித்தம்தான். அது எங்கே பிடித்தது என்று சொல்கிறேன்.

ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷங்கள் அவை. நான் ஷம்சுதீன். மலாக்கா காஜா பெராங்கில் மளிகைக்கடை வைத்திருந்த நாகூர் மீரானின் மகன். எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கோயிலை ஒட்டிய செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பில் என் சிநேகிதன் தேவநாயகத்தின் வீடு. செட்டி என்றதும் வட்டிக்கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் மலாக்காச் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்து, இங்கேயே பெண் எடுத்து, இந்த மண்ணோடு மண்ணாக ஊறிப்போனவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும், வீட்டில் பேசுவது மலாய். பெயர் மட்டும் ஊரில் யாருக்கும் இல்லாத சுத்தத் தமிழ்ப் பெயராக இருக்கும். தேவநாயகமும் நானும் சின்ன வயதிலிருந்து பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். உங்களுக்காக இங்கே தமிழில் சொல்கிறேன்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழில் பாடுவான். கோயிலில் பண்டாரம் பாடுவதைக் கேட்டுக் கேட்டு அந்தக் கம்பத்துப் பிள்ளைகள் பலருக்குத் தேவாரம் மனப்பாடம். தேவநாயகம் அவர்களில் தலைப்பிள்ளை. எங்கள் வாப்பாவுக்குக்கூட ழகரம் தகராறு செய்யும். அவனுக்கு வழுக்காமல் வரும். என்னடா பாடினாய் என்று கேட்டால் சிரிப்பான். அவனுடைய அம்மா சிவகாமியை நான் மலாய் வழக்கப்படி மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவேன். “அர்த்தம் சாமிக்குத் தெரியும், நமக்கு எதுக்கு?” என்பார் அவர். ஒரு தடவை காதில் விழுந்தது அவனுக்குள் அப்படியே தங்கிவிடும். அது அவனுக்குக் கிடைத்த வரம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் தேறி, அரசாங்க உபகாரச் சம்பளத்தில் சிங்கப்பூருக்குக் கல்லூரிப் படிப்புக்குப் போனோம். கடைசி வருஷம் முழுக்கக் கல்வியியல். பிள்ளையின் மனம் எப்படி வேலை செய்கிறது, ஞாபகம் எதனால் நிற்கிறது, கரும்பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் நிற்பது எப்படி என்றெல்லாம் படித்தோம். மாலையில் கடலோரம் நடக்கும்போது எதிர்காலத்தை அளப்போம். டை கட்டிய மாஸ்டர், அப்புறம் தலைமையாசிரியர், அதற்கும் மேலே ஸ்கூல் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் காரில் வந்து இறங்கினால் ஊரே எழுந்து நிற்கும் என்று நான் கனவு கண்டேன். அவன் ஆசை அவ்வளவு தூரம் போகவில்லை. மலாக்கா டவுனில் ஏதாவது ஓர் இங்கிலீஷ் பள்ளி, சாயங்காலம் அம்மா கையால் சாப்பாடு. அது போதும் அவனுக்கு.

எங்களுக்குப் போதனா முறை எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். முதலில் ஒழுங்கு, கேள்வியெல்லாம் பிறகு என்பார். பாடத்தின் நடுவில் ஒரு பிள்ளையின் புகாருக்குக் காது கொடுத்தால் வகுப்பே புகாரோடு வந்து நிற்கும் என்பார். பயிற்சிக்குப் பாடம் நடத்தும் நாளில் தேவநாயகத்தின் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அவன் அடித்து அப்படிச் செய்யவில்லை. பிரம்பைத் தொடமாட்டான். நாள் முழுக்கப் பேசாமல் இருந்த பிள்ளைக்கு ஒரு வண்ணச் சாக்குக்கட்டி பரிசு என்பான். அதற்காகப் பிள்ளைகள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒழுங்கில் அவனுக்கு முதலிடம். எனக்குக் கடைசி. என் வகுப்பு மீன் மார்க்கெட்.

கல்வி இலாகா அனுப்பும் இடத்துக்குப் போவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் படிப்பே. மறுத்தால் ஜென்மத்துக்கும் அரசாங்க வேலை கிடையாது. டிப்ளோமாவோடு ஊர் திரும்பினால், இருக்கிற வாத்தியார்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான் கடையில் புளி நிறுத்தேன். அவன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல மாதம் கழித்து இலாகா அலுவலகத்திலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள். செங் என்கிற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை மாதிரிப் பள்ளியாக்கப் போகிறார்களாம். பயிற்சி பெற்ற ஒரே ஒருவர் வேண்டுமாம்.

இலாகாவின் வெள்ளைக்கார துரை என்னை முதலில் கூப்பிட்டார். தாய்மொழி என்ன என்றார். தமிழ் என்றேன்.

“நீ முகமதியன் ஆயிற்றே?”

முகமதியன்தான் சார், தாய்மொழி தமிழ் என்றேன். பொய் சொல்கிறவனைப் பார்ப்பது போல் பார்த்தார். தோட்டத்து ஜனங்கள் இந்துக்கள், அவர்களுக்கு இந்து வாத்தியார்தான் சரி, மலாய்ப் பள்ளியில் ஏதாவது இடம் விழுந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். குதிரைக்குக் குர்ரம் என்றால் ஆனைக்கு அர்ரம் என்கிற கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அடுத்து தேவநாயகம். கதவு திறந்தே இருந்தது. “தமிழ் நன்றாக வரும்தானே? ஏதாவது சொல், கேட்போம்” என்றார் துரை. அவன் தேவாரம் பாடினான். கோயிலில் பாடுவது போலவே நிறுத்தி, நிதானமாக, சொல் சொல்லாகப் பாடினான். யாழ்ப்பாணத்துத் தலைமைக் கிளார்க், திருநீறு பூசிய மனிதர், எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஃபர்ஸ்ட் கிளாஸ் தமிழ், சார்” என்று துரையிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

வெளியே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னடா பண்ணிட்டு வந்திருக்கே?” என்றேன்.

“தமிழ் வருமான்னு கேட்டாங்க, சம்சு. என்கிட்ட இருக்கிற தமிழ் அவ்வளவுதான். இல்லைன்னு சொல்லிட்டு அம்மா முகத்துல எப்படி முழிக்கிறது?”

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. துரையின் அந்த நாற்காலியின்மேல் வந்தது. அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கள் இரண்டு பேரையும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. வார நாட்களில் தோட்டத்திலேயே தங்கினான். சனிக்கிழமை சைக்கிளில் வீட்டுக்கு வருவான். வந்ததும் எங்கள் கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்காருவோம். எழுத்துகளை அவன் மின்னல் வேகத்தில் பிடித்துக்கொண்டான். பாலபாடத்தைப் பார்த்து ஒரு வார்த்தையும் புரியாமல் கணீரென்று வாசிப்பான். பேச்சைச் சொல்லித் தருகிறேன் என்றேன்.

“‘என்ன வேணும்?’, ‘என்ன ஆச்சு?’ முதல்ல இந்த ரெண்டையும் கத்துக்கோ.”

அவன் தலையை ஆட்டி மறுத்தான். “வேணாம், சம்சு. கேட்டா பதில் சொல்வாங்க. அந்தப் பதிலை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?”

உட்கார், எழுந்திரு, படி, எழுது, பேசாதே, நல்லது. இவ்வளவுதான் எடுத்துக்கொண்டான். மாட்டுவண்டிக்காரன்கூட மாட்டோடு இதைவிட அதிகமாகப் பேசுவான் என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “டவுன் ஸ்கூலுக்கு மாத்திட்டா இந்தப் பாடு இல்லை. அது வரைக்கும்தான்” என்றான்.

வேடிக்கை என்னவென்றால், வண்டி ஓடியது. தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி மலையாளி. இவனோடு இங்கிலீஷில் பேசினார். ஜனங்களோ, “படிச்ச வாத்தியாரு, வாயத் தொறந்தா முத்து கொட்டிப் போயிரும்” என்று கேலியும் மரியாதையுமாக ஒதுங்கி நின்றார்கள். பிள்ளைகளுக்கு அவன் கப்பலும் யானையும் வரைந்து காட்டினான். ரப்பர் கொட்டைகளை அடுக்கிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். புண்ணுக்கு மருந்து போட்டான், நகம் வெட்டிவிட்டான். சாயங்காலம் பேசாத பிள்ளைக்குச் சாக்குக்கட்டி. அந்தப் பிள்ளைகளை அவன் நேசித்தான். அதை இல்லையென்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

துரை ஒரு நாள் மானேஜரோடு வந்து வகுப்பைப் பார்த்தார். எந்தத் தமிழ்ப் பள்ளியிலும் இப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை என்றாராம். வருகிற வருஷம் மலாக்கா டவுனில் இங்கிலீஷ் பள்ளி நிச்சயம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சிவகாமி மக்சிக் மாரியம்மனுக்குப் படையல் வைத்துவிட்டு, எங்கள் கடைக்கு ஒரு தட்டு நிறையக் குவே கொண்டுவந்தார். தேங்காய்ப்பால் மணக்கும் பலகாரம். என் மகன் மாஸ்டர் ஆகிவிட்டான் என்று எங்கள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

அவன் வகுப்பில் பூவாயி என்று ஒரு பிள்ளை. ஏழு எட்டு வயது இருக்கும். தகப்பன் இல்லை. அம்மா காத்தாயி ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டுகிறவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சருகு குவிந்து கிடக்கும். பிள்ளைகள் ஒதுங்குவது அங்கேதான். அன்று காலையில் அங்கே போய்விட்டு வந்த பூவாயி, தன் இடத்துக்குப் போகாமல் அவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொன்னாள். அவன் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். “உட்கார்” என்றான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் சிரித்தபடி உதட்டில் விரலை வைத்து, மேசைமேல் இருந்த சிவப்புச் சாக்குக்கட்டியைக் காட்டி, “பேசாதே” என்றான். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அப்புறம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்த பையன் எழுந்து வாயைத் திறந்தான். அவனுக்கும் “பேசாதே”தான். கொஞ்ச நேரத்தில் பூவாயி பெஞ்சில் தலையைச் சாய்த்தாள். விடியுமுன் அம்மாவோடு எழுந்து தண்ணீர் சுமக்கிற பிள்ளைகள். வகுப்பில் கண் அசந்தால் இவன் எழுப்பமாட்டான். தன் துண்டை மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்தான். கணக்கு முடிந்தது, வாசிப்பு முடிந்தது. அன்றைய சாக்குக்கட்டி பூவாயிக்குத்தான் என்று தீர்மானித்து, அதை அவள் கையில் வைக்கக் குனிந்தான். கை சில்லிட்டிருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வந்து கணுக்காலில் பாம்பின் பல் பட்ட இடத்தைக் காட்டினார். மறுநாள் துரையும் மானேஜரும் விசாரித்தார்கள். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. குழந்தை உன்னிடம் ஏதாவது சொன்னதா என்று துரை கேட்டபோது, “சொன்னது. எனக்குப் புரியவில்லை” என்று இவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். பாவம், வலியில் உளறியிருக்கும் என்று அவர் முடித்துவிட்டார். ஆசிரியர்மேல் குற்றம் இல்லை, டவுன் பள்ளி உத்தரவு அப்படியே நிற்கிறது என்று தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறினாராம்.

அன்று மத்தியானமே சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தான். வாப்பா பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. இதையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தான். பிறகு நிமிர்ந்தான்.

“சம்சு, அவ பேசினதை நான் சொல்றேன். அர்த்தம் சொல்லு.”

கண்ணை மூடிக்கொண்டான். தேவாரம் பாடும்போது மூடுவானே, அதே மாதிரி. அவன் வாயிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் பேச்சு வந்தது. அவள் இழுத்த இழுப்பு, மூச்சு வாங்கிய இடம், எல்லாம் அப்படியே வந்தது.

“சார், பின்னால சருகுக்குள்ள என்னமோ கடிச்சிருச்சு சார். காலு மரத்துப் போவுது சார். அம்மாகிட்ட போவட்டுமா சார்? எனக்குச் சாக்குக்கட்டி வேணாம் சார்.”

கண்ணைத் திறந்தான். “இவ்வளவுதான். எதையும் விடலை.”

தண்ணீர் கேட்டாள் என்று பொய் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் எதையும் மறக்கிறவன் இல்லை. எவனாவது ஒருவன் என்றைக்காவது அதற்கு அர்த்தம் சொல்லத்தான் போகிறான். சொன்னேன். வரி வரியாக மலாயில் சொன்னேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அழுதது நான்தான். அவன் அழவில்லை.

“அவ அம்மா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினாங்க. அதையும் கேளு.” மறுபடியும் கண்ணை மூடினான். “எம் புள்ள உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியா அய்யா? ஒத்த வார்த்த சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பீங்களே அய்யா. பாவி, வாயத் தொறக்காமப் போயிட்டாளே.”

அதையும் சொன்னேன். அவன் வெகு நேரம் மூட்டையின் சணல் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப, தப்பு பிள்ளைமேலன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.”

“ஆமா.”

“அவ சொன்னான்னு நான் போய்ச் சொல்லணும். தமிழ்லயே சொல்லணும். சொல்லிக் கொடு.”

வேலை போய்விடும் என்றேன். டவுன் பள்ளி போய்விடும், தமிழ் தெரியும் என்று ஏமாற்றினாய் என்று வழக்கே போட்டாலும் போடுவார்கள், உன் அம்மா இதைத் தாங்கமாட்டார் என்றேன். அன்று மட்டும் எனக்கும் ‘பேசாதே’ என்கிற ஒழுங்கின்மேல் அப்படி ஓர் அக்கறை. “தெரியும்” என்றான். “சொல்லிக் கொடு.” கோயில் தமிழில் பழகிய நாக்கு என்பதால் சுத்தமாகவே சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை கேட்டான். போதும் என்றான்.

மறுநாள் காலையில் இரண்டு சைக்கிளில் போனோம். வழியெல்லாம் பால்மரங்கள், அவற்றின் நிழலில் சருகு. அவன் சருகைப் பார்க்காமல் மிதித்தான். தோட்டத்து வீடுகளுக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே எல்லாரும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டார்கள்.

காத்தாயி வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். வாத்தியார் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கிராணியும் வந்து நின்றார். தேவநாயகம் அவளுக்கு எதிரில் போய்க் கை கூப்பிக்கொண்டு நின்றான். கண்ணை மூடவில்லை. அதைக் கவனித்தேன்.

“அம்மா, உங்கள் மகள் என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் போகட்டுமா என்றும் கேட்டாள். எனக்குத் தமிழ் தெரியாது. அவள்மேல் குற்றம் இல்லை.”

ழகரம் வழுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் கோயிலில் கேட்பது போல் விழுந்தது. கிராணியின் முகம் மாறியது. டவுன் பள்ளிக்கூடம் அந்த நிமிஷத்தோடு போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். அவன் காத்தாயியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

“தமிழ் தெரியாதுன்னு இவ்வளவு அழகாத் தமிழ்ல சொல்றீங்களே அய்யா” என்றாள். “எம் புள்ள சொன்னது மட்டுமா உங்களுக்கு வெளங்காமப் போச்சு?”

தேவநாயகம் என் பக்கம் திரும்பினான்.

“என்ன சொல்றாங்க, சம்சு?” என்று மலாயில் கேட்டான்.